உறுதி வைத்திருப்போருக்கு அனுமதி இல்லை

யாழ்ப்பாணம் வருகிறோம், கடலோரமாய் ஓர் இரவு தங்க நல்ல இடம் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு நான் காங்கேசன்துறையைத்தான் சொல்வேன். தென்னை சாய்ந்த மணற்கரை இலங்கையில் எங்கும் உண்டு, அதைப் பார்க்க இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. வடகரை வேறு சாதி. சுண்ணாம்புக்கல் பாறை நேரே கடலுக்குள் இறங்கும். முருகைக்கல்லின் கூர் காலைக் கிழிக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் அலை பாறையில் மோதி எழும்புகிற தூவானம் முகத்தில் வந்து உப்பாய் ஒட்டும். கரையோடு மேற்கே போனால் கீரிமலை. அங்கே கடலுக்கு ஒரு முழம் இப்பால் நன்னீர் ஊற்று பொங்குகிறது.

இப்பேர்ப்பட்ட கரையில், கடலைப் பார்த்தபடி, குளிரூட்டிய அறையும் புஃபே சாப்பாடுமாக ஒரு விடுதி நடக்கிறது. பெயர் தல்செவன. முதலாளி யார் என்று கேட்கிறீர்களா? இலங்கை இராணுவம்.

படைகள் வியாபாரம் செய்வது உலகத்துக்குப் புதிதல்ல என்று ஒரு அறிவாளி எழும்பிச் சொல்வார். உண்மைதான். பாகிஸ்தானில் பௌஜி அறக்கட்டளை சீமெந்து விற்கிறது, உரம் விற்கிறது, காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சோளப்பொரி வரைக்கும் விற்கிறது. நம்முடைய படை அவ்வளவு பேராசை கொண்டதல்ல. மரக்கறி பயிரிட்டுச் சந்தையில் விற்றது, வழியோரம் தேத்தண்ணிக் கடை போட்டது, பிறகு ஹொட்டேல் திறந்தது. படிப்படியாக முன்னுக்கு வந்த உழைப்பாளி. முதலீடு இல்லாமல் முன்னுக்கு வருவது எப்படி என்று இளைஞர்களுக்கு வகுப்பெடுக்கவும் தகுதி உண்டு. காணி வாங்கவில்லை, ஆகவே காணிக் கடன் இல்லை. வேலையாட்களுக்குச் சம்பளம் திறைசேரி தருகிறது, ஆகவே மாத முடிவில் தலையிடி இல்லை. யாழ்ப்பாண நகரத்தில் வங்கியில் நகையும் காணியும் ஈடு வைத்து எட்டு அறையோடு விடுதி போட்டிருக்கும் ஒருவர் இதனோடு போட்டி போட வேண்டும். போடட்டும். சுதந்திரச் சந்தை அல்லவா.

விடுதி நிற்கும் இடத்தின் வரலாற்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பிரசுரத்தில் கடல் இருக்கிறது, சூரியன் இருக்கிறது, 1990 மட்டும் விடுபட்டுப் போயிருக்கிறது. அந்த வருடம் ஜூன் 15ஆம் திகதி வலிகாமம் வடக்குச் சனம் வீட்டை விட்டு வெளிக்கிட்டது. பலாலிப் படைத்தளத்தைச் சுற்றி வெடித்த சண்டையில் பலாலி, மயிலிட்டி, ஊறணி, தையிட்டி, வசாவிளான், காங்கேசன்துறை என்று ஊர் ஊராகக் காலியாயின. ரெண்டு மூண்டு நாளில திரும்பலாம் என்று வாசலைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு நடந்தவர்கள் அவர்கள். அந்த ஒக்டோபரில் கீரிமலை நகுலேஸ்வரம் கோயில் மேல் குண்டு விழுந்தது. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை மூச்சை நிறுத்தியது. அது தோண்டிய சுண்ணாம்புக்கல் குழிகள் மட்டும் இன்றைக்கும் வாயைப் பிளந்தபடி கிடக்கின்றன. பிறகு அந்த நிலமெல்லாம் உயர் பாதுகாப்பு வலயம் ஆயிற்று.

போர் 2009 மேயில் முடிந்தது. 2011 ஓகஸ்டில் அவசரகாலச் சட்டம் நீக்கப்பட்டது. உயர் பாதுகாப்பு வலயம் நின்றது அந்தச் சட்டத்தின் காலில்தான். கால் போனால் வலயம் விழவேண்டும் என்று சட்டம் படித்தவர்கள் சொன்னார்கள். படைக்குச் சட்டம் தெரியாதா? இனி வலயம் என்று ஒன்று இல்லை, பலாலி கன்டோன்மென்ற் மட்டுமே இருக்கிறது என்று அறிவித்தார்கள். வேலி மட்டும் அதே இடத்தில் நின்றது. அந்த வேலிக்குள்தான் விருந்தோம்பல் நடந்தது.

இப்போது விடுதியின் அனுமதி விதிகளைக் கவனியுங்கள். தெற்கிலிருந்து சொகுசு பஸ்ஸில் வந்த குடும்பம் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனது, கடலில் குளித்தது, படம் எடுத்தது, பொரித்த மீன் தின்றது. வெள்ளைக்காரரும் போனார்கள். 1990இல் ஓடிக் கனடாவில் குடியேறியவரும் நீலக் கடவுச்சீட்டை நீட்டி, காசைக் கட்டி, சொந்த ஊருக்குள் விருந்தாளியாகப் போகலாம். போக முடியாதவர் ஒரேயொருத்தர். காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்துக்கொண்டு கோணாப்புலம் முகாமிலும் சபாபதிப்பிள்ளை முகாமிலும் தகரக் கொட்டிலுக்குள் குந்தியிருந்தவர். முகாமில் இருந்து அவருடைய வளவுக்குச் சைக்கிளில் போய்விடலாம். சைக்கிளுக்கு வழி இருந்தது, அவருக்கு இருக்கவில்லை.

அப்படி ஒருவர் வரவேற்பு மேசைக்கு வந்துவிட்டால் என்ன நடக்கும் என்று கற்பனை செய்து பார்ப்பதில் தப்பில்லை.

“ஐயா, றூம் புக் பண்ணியிருக்கா?”

“றூம் இல்லைத் தம்பி. வளவு. ஆறு பரப்பு.”

“சிங்கிளா, டபிளா?”

“கிழக்கெல்லை ஒழுங்கை, தெற்கெல்லை என்ர தம்பின்ர காணி, வடக்கெல்லை கடல். கிணறும், பனையும் வடலியும் அடங்கலாய். இஞ்ச பாருங்கோ, உறுதியில கிடக்கு.”

“கடல் பாத்த றூம் எல்லாம் ஃபுல், ஐயா.”

“நான் தங்க வரேல்லைத் தம்பி. நீங்கள் எப்ப வெளிக்கிடப் போறியள் எண்டு கேக்க வந்தனான்.”

“செக் அவுட் பன்னிரண்டு மணி, ஐயா.”

எந்த நாளில் பன்னிரண்டு மணி என்று கிழவர் கேட்கவேண்டும். கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். ஆறு மாதம். 2015 டிசம்பரில் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த முகாம்களில் ஒன்றுக்கே நேரில் வந்தார். ஆறே மாதத்தில் எல்லாரையும் குடியேற்றுவேன் என்றார். அதற்குப் பிறகு அவருடைய பதவிக்காலம் முடியுமுன் ஏழு தடவை ஆறு மாதம் வந்து போனது. சில துண்டுகள் விடுபட்டன, இல்லை என்று சொல்லவில்லை. 2015இல் சுமார் ஆயிரம் ஏக்கர், 2016இல் காங்கேசன்துறை ரயில் நிலையத்துப் பக்கம், 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம். ஒவ்வொரு துண்டுக்கும் பந்தல், மேடை, மாலை, அமைச்சர், கைதட்டல். திருடன் பாத்திரத்தைத் திருப்பித் தருகிற நாளில் அவனுக்கே பொன்னாடை போர்த்துகிற ஊர் உலகத்தில் வேறெங்கும் இருக்குமோ தெரியாது. நாங்கள் போர்த்தினோம். உள்ளே போய்ப் பார்த்தவர்களுக்கு வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும், கிணறு இருந்த இடத்தில் பற்றையும் கிடைத்தன. கூரை, கதவு, நிலை, யன்னல் எதுவும் இல்லை. இத்தனை வருடப் பராமரிப்புக்குக் கட்டணம் கேட்காமல் விட்டார்களே, அதுவும் பெருந்தன்மைதான்.

கடல் பார்த்த துண்டுகளைக் கொடுப்பதில்தான் எப்போதும் கை கொஞ்சம் நடுங்குகிறது. இன்னும் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் உள்ளே இருக்கிறது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் 2013 ஏப்ரல். வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாகக் காணி எடுத்தல் சட்டத்தின் கீழ் அறிவித்தல் ஒட்டினார்கள். பொதுத் தேவை என்ன? படைத் தலைமையகம். காணிக்காரருக்கு ஏன் நேரில் அறிவிக்கவில்லை? அவர்களை இனங்காண முடியவில்லையாம்.

கொஞ்சம் நின்று இதை இரசியுங்கள். அந்த மனிதர்கள் சில மைல் தள்ளி முகாமில் இருந்தார்கள். கிராம அலுவலரிடம் பதிவு இருந்தது. நிவாரண அட்டை இருந்தது. தேர்தலுக்குத் தேர்தல் வாக்காளர் இடாப்பில் பெயர் இருந்தது, வாக்குக் கேட்கக் கொழும்பிலிருந்து ஆள் வந்தது. மாவீரர் நாளில் எந்த வீட்டுக் கோடிக்குள் யார் ஒரு சிட்டி விளக்கு ஏற்றினார் என்று விடியுமுன் அறிந்துகொள்கிற புலனாய்வுத்துறை உள்ள நாடு இது. செத்த வீட்டுக்கு யார் வந்தார், என்ன பேசினார், பால்தேத்தண்ணியா வெறுந்தேத்தண்ணியா குடித்தார் என்று கொப்பியில் எழுதுகிற நாடு. அந்த நாட்டுக்கு ஆயிரக்கணக்கான காணிச் சொந்தக்காரரில் ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்க முடியாமல் போயிற்று. ‘காணாமற் போன’ அந்தக் காணிக்காரரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உடனே மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் போய் வழக்குத் தாக்கல் செய்து, நாங்கள் இருக்கிறோம் என்று கையொப்பம் வைத்தார்கள். தாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வழக்கறிஞருக்குக் காசு கொடுத்த சனம் இது.

தல்செவன தனிப்பிள்ளை என்று நினைத்து இரங்காதீர்கள். அதற்குத் தமையன் தங்கை உண்டு. கல்குடாவில் லயா வேவ்ஸ், யாலவில் லயா சஃபாரி, வாதுவையில் லயா பீச் எல்லாம் இராணுவத்தின் குடும்பம். திருகோணமலையில் மாபிள் பீச் விமானப்படைக்கு, சோபர் தீவு கடற்படைக்கு. முப்படைக்கும் ஆளுக்கொரு கரை. பாகப்பிரிவினையில் சண்டை வராத ஒரே குடும்பம்.

அதில் கடற்படையின் ஹமென்ஹீல் கோட்டையைத் தனியே சொல்ல வேண்டும். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவில், கடலுக்குள் நிற்கிற சின்னக் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பிற்காலத்தில் அது சிறை. 1971 கிளர்ச்சியில் பிடிபட்ட ஜே.வி.பி. இளைஞர்களை அங்கே அடைத்தார்கள். இப்போது அது சொகுசு விடுதி. கைதி படுத்த சுவருக்குள் விருந்தாளி படுக்கலாம், வெளியே கடல் தாலாட்டும். கரையில் இருக்கும் கடற்படை முகாமுக்கு எல்லாளன் பெயரை வைத்திருக்கிறார்கள். தமிழர் மனம் நோகக் கூடாது என்ற அக்கறையை எங்கெங்கெல்லாம் காட்டுகிறார்கள் பாருங்கள். ஜே.வி.பி.யின் பிள்ளைகள் இன்றைக்கு நாட்டை ஆள்கிறார்கள். தங்கள் தோழர்கள் கிடந்த சிறைக்குள் அறை வாடகை என்ன என்று அவர்களில் ஒருவராவது விசாரித்ததாகக் காதில் விழவில்லை.

நந்திக்கடலையும் விட்டுவைக்கவில்லை. 2009 மேயில் கடைசிச் சண்டை நடந்த அந்தக் களப்பின் ஓரத்தில், தண்ணீரைப் பார்த்தபடி, இராணுவம் ஒரு விடுமுறைப் பங்களா திறந்தது. ஆங்கிலப் பெயர், லகூன்ஸ் எட்ஜ். களப்பின் விளிம்பு என்று அர்த்தம் வரும், யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் கொடுத்த அறிக்கை, அந்தக் கடைசிக் கட்டத்தில் நாற்பதாயிரம் வரைக்கும் பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கக் கூடும் என்றது. அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி காலைக் கோப்பி. பிள்ளையைத் தேடி வருடக்கணக்கில் முல்லைத்தீவில் றோட்டோரம் கொட்டில் போட்டுக் குந்தியிருக்கிற தாய்மாருக்கு அந்தப் பங்களாவில் ஓர் இரவு இலவசமாகக் கொடுத்தாலும் தூங்க முடியாது. காசு கட்டியவர்களுக்குத் தூக்கம் வந்திருக்கிறது. இங்கே பகிடி எழுத எனக்குக் கை வரவில்லை. மேலே போவோம்.

வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கும் ஒரு கும்பிடு போடவேண்டும். 2010இல் போகவேண்டிய 31 இடங்கள் என்று நியூயோர்க் ரைம்ஸ் பட்டியல் போட்டபோது முதலிடம் இலங்கைக்கு. அது ஜனவரி மாதம். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் அப்போது போரில் தப்பிய பல்லாயிரம் சனம் கூடாரத்துக்குள் இருந்தது. அந்த முகாமை மூட 2012 செப்டம்பர் வரை எடுத்தது. பட்டியல் போட்டவர்களில் குறை இல்லை. அவர்கள் கடற்கரை பார்க்க வந்தவர்கள், முகாமுக்குக் கடல் இல்லை.

கரையிலிருந்து சனத்தை எழுப்பிவிட்டு விருந்தாளியை இருத்துகிற வித்தை போர் முடிந்த பிறகுதான் வந்தது என்று சொன்னால் அது படைக்குச் செய்யும் அநியாயம். கொழும்புக்கு அது சுனாமியோடேயே கைவந்த கலை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, பாதுகாப்பு என்று சொல்லிக் கடலோரத்தில் கட்டடத் தடை வந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். ஒரே கடல், ஒரே அலை. ஆனால் தமிழும் முஸ்லிமும் இருக்கிற கரையில் அலை இரட்டிப்பு தூரம் நடக்கும் என்று யாரோ கணித்திருக்கிறார்கள். வீடு இழந்த மீனவன் அந்த எல்லைக்குள் கொட்டில் போடக் கூடாது. சுற்றுலா ஹொட்டேலுக்கு விலக்கு. அடுத்த சுனாமி மீனவனை இழுத்துக்கொண்டு போகும், வாடகை கொடுத்துப் படுத்திருப்பவரைக் கண்டால் ஒதுங்கிப் போகும் என்று நம்பிய அரசு அது. பிறகு அந்தத் தூரங்களைத் தளர்த்தினார்கள். அறுகம் குடாவிலும் பாசிக்குடாவிலும் அதற்குள் யார் எங்கே இருப்பது என்பது தீர்மானமாகிவிட்டது.

தட்டேந்தி வருகிற சிப்பாயில் எனக்குக் கோபம் இல்லை. அநேகமாக அம்பாந்தோட்டையிலோ மொனராகலையிலோ வயல் வரண்ட வீட்டுப் பிள்ளையாக இருக்கும். துவக்குத் தூக்கச் சேர்ந்தான், இப்போது மேசை துடைக்கிறான். அவனுக்கும் யாரும் காணி கொடுக்கவில்லை. நாடு 2022இல் கடன் கட்ட முடியாது என்று கைவிரித்து, பெற்றோலுக்கு மூன்று நாள் வரிசையில் சனம் நின்றபோதும் படைக்கு ஒதுக்கும் பணத்தில் மட்டும் பஞ்சம் வரவில்லை. போர் முடிந்து இத்தனை வருடமாயும் இவ்வளவு பேரை யூனிபோமில் வைத்திருந்தால் அவர்களுக்கு ஏதாவது வேலை கொடுத்துத்தானே ஆகவேண்டும். யாருடைய நிலத்தில் என்பதுதான் கேள்வி.

பக்கத்து ஊர்க் கதையையும் கேட்டுவிடுங்கள், சுற்றுலா என்று வந்தால் எல்லாம் பார்க்கத்தானே வேண்டும். கீரிமலைப் பக்கம் மகிந்த ராஜபக்ச காலத்தில் ஒரு சனாதிபதி மாளிகை எழும்பியது. கட்டியவர் குடியிருக்கவில்லை, பின்னால் வந்தவர்களும் குடியிருக்கவில்லை. அதை யாருக்குக் குத்தகைக்குக் கொடுப்பது என்று ஒவ்வொரு அரசாங்கமும் யோசிக்கிறது. காணிக்காரனுக்குக் கொடுக்கலாம் என்ற யோசனை மட்டும் ஒருவருக்கும் உதிக்கவில்லை. தையிட்டியில் தனியார் உறுதிக் காணியில் திஸ்ஸ விகாரை எழும்பி நிற்கிறது. பூரணை நாளில் ஒரு பக்கம் வழிபாடு, வாசலில் காணிக்காரரின் போராட்டம், நடுவில் பொலிஸ். புத்தர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் அவருக்கு வெட்கமாகத்தான் இருக்கும்.

கீரிமலை ஆடி அமாவாசைக்கு வாருங்கள். வடக்கு முழுவதும் இருந்து சனம் வந்து கேணியில் குளித்து, செத்தவர்களுக்குத் தர்ப்பணம் கொடுத்து, கடலைப் பார்த்து நிற்கும். போரில் செத்த பிள்ளைக்கு, முகாமில் செத்த தாய்க்கு, காணியைப் பார்க்காமலே செத்த தகப்பனுக்கு என்று ஆளாளுக்குப் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கிறார்கள். அதே கரையில் கிழக்கே கொஞ்சம் தள்ளி அதே கடலைப் பார்த்தபடி விருந்தாளிகள் பியர் குடிக்கிறார்கள். யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. நல்லிணக்கம் என்றால் இதுதான் என்று கொழும்பில் கருத்தரங்கு வைத்துச் சொல்லலாம். சொல்லியும் இருப்பார்கள்.

இனித் தமிழ்நாட்டு உறவுகளிடம் ஒரு வார்த்தை. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். நின்றது, மறுபடி ஓடியது. கப்பல் வருவது நல்லது. தொப்புள்கொடி என்று மேடையில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிய இரண்டு கரைகளுக்கும் நடுவில் கடைசியில் ஒரு கப்பலாவது ஓடுகிறது. வந்து இறங்குகிறீர்கள். கையில் கமராவோடு சிலர், ‘மக்களே, இப்ப நாம எங்க இருக்கோம்னா’ என்று தொடங்குகிறீர்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று கொஞ்சம் விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள். ஊரில் ஈழம் என்றால் கண்கலங்குகிற அண்ணன், இங்கே வந்ததும் இராணுவத்தின் கடல் பார்த்த அறைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறார். வரவேற்பில் நின்ற வீரர் தமிழில் வணக்கம் சொன்னாராம், மனசு குளிர்ந்துபோயிற்றாம். அண்ணா, நீங்கள் கட்டிய காசு எந்தக் கணக்குக்குப் போகிறது என்று கேட்டீர்களா?

உங்களை மட்டும் பேசினால் என் வாய் அழுகிப்போகும். எங்கட ஆட்களும் போகிறார்கள். ரொறொன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் கோயில் திருவிழாவுக்கு வந்தவர்கள், சுவிஸ் பிராங் மாற்றியவர்கள். ‘நல்ல சுத்தம், ஆமிக்காரர் எண்டாலும் மரியாதையா நடத்துறாங்கள்’ என்று சான்றிதழ் வேறு. சுத்தமாகத்தான் இருக்கும். ஊர்ச்சனத்தை முழுவதுமாகக் கழுவித் துடைத்த இடம் வேறு எப்படி இருக்கும்? மரியாதையும் இருக்கும். காசு கட்டியிருக்கிறீர்கள். 1990இல் உங்கள் மச்சாளும் பெரியம்மாவும் இதே றோட்டால் தலையில் மூட்டையோடு ஓடினபோது காசு கட்டவில்லை, ஆகவே மரியாதை கிடைக்கவில்லை. விலை வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆட்சி மாறினால் எல்லாம் மாறும் என்று நம்பியவர்களுக்காக இதையும் எழுதி வைக்கிறேன். 2025 மார்ச் 28ஆம் திகதி, மாற்றம் கொண்டுவந்த அரசாங்கம் ஒரு வர்த்தமானி வெளியிட்டது. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. போரின் இறுதி நாட்களில் ஊரை விட்டு உயிரைக் கையில் பிடித்து ஓடிய சனத்திடம், பெட்டிக்குள் உறுதி இருக்கிறதா, மூன்று மாதத்துக்குள் கொண்டுவா என்கிறது வர்த்தமானி. ஓடின ஆளில் பாதி வெளிநாட்டில். உறுதி எரிந்துபோயிற்று. காணிப் பதிவகமும் இடம்பெயர்ந்த காலம் அது. கூச்சல் எழும்பி, வழக்குப் போய், ஜூன் கடைசியில் உயர் நீதிமன்றம் தடை போட்டது, அரசாங்கமும் பின்வாங்கியது. கையைத் தட்டிவிட்ட பிறகு எடுத்தார்கள். தட்டியிராவிட்டால்? சிவப்புச் சட்டை, நீலச் சட்டை, பச்சைச் சட்டை எது வந்தாலும் காணி விடயத்தில் கொழும்பின் கை ஒரே மாதிரித்தான் நீள்கிறது.

ஆகவே காங்கேசன்துறைக்குக் கட்டாயம் வாருங்கள். பாறையைப் பாருங்கள், கீரிமலையில் குளியுங்கள், மாவிட்டபுரத்தில் கும்பிடுங்கள், மயிலிட்டியில் இறங்கி மீன் வாங்குங்கள். சொந்த ஊருக்குத் திரும்பி, கூரை இல்லாத வீட்டில் இருந்து மறுபடி வள்ளம் இறக்குகிற சனம் அங்கே இருக்கிறது, காசு அவர்களின் கைக்குப் போகட்டும். படுக்க இடம் வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்தில், பருத்தித்துறையில் சொந்தக் காணியில் சொந்தக் கடனில் விடுதி நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

இல்லை, அலை காலடியில் வந்து அடிக்கவேண்டும், அந்த அறைதான் வேண்டும் என்றால் தடுக்க நான் யார், என்னிடம் வேலி இல்லை. ஆனால் வரவேற்பு மேசையில் உங்கள் அடையாள அட்டையைக் கேட்பார்கள், கடவுச்சீட்டைப் பிரதி எடுப்பார்கள், பெயர், விலாசம், எங்கிருந்து வருகிறீர்கள், எப்போது போவீர்கள் என்று படிவம் நிரப்பச் சொல்வார்கள். எல்லாவற்றையும் கொடுங்கள். கொடுத்துவிட்டு, சத்தமாக, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கிறபடி, நீங்களும் ஒன்றே ஒன்றைத் திருப்பிக் கேளுங்கள்: இந்தக் காணியின் உறுதி ஆரின்ர பேரில இருக்கு, அதைக் கொஞ்சம் காட்டுங்கோ.

காட்டினால் தங்குங்கள்.